ஒன்லைனில் பட்டுச்சீலை எடுக்க இருப்பவர்கள் இதை வாசித்துவிட்டுக் காசு போடுங்கள்

பார்சல் வந்து நான்கு நாள். இன்று காலையோடு என்னை புளொக் பண்ணிவிட்டார்கள். 18,500 ரூபா.

நல்லூர்த் தேருக்கு அம்மாவுக்கு ஒரு காஞ்சிபுரம் எடுத்துக் கொடுக்க ஆசைப்பட்டேன். லைவ் வீடியோவில் சீலையை விரித்துக் காட்டி விற்கும் பக்கம் அது. மாம்பழ நிறம், அரக்குக் கரை. யாழ்ப்பாணம் பெரியகடையில் ஏறி இறங்கித் தொட்டுப் பார்த்து எடுத்திருக்கலாம். சோம்பல்தான்.

நான் நம்பிய இடத்தைச் சொல்கிறேன். விலை குறைவாக இருக்கிறதே, அசல் பட்டுத்தானா என்று கேட்டேன். உடனே வொய்ஸ் மெசேஜ் வந்தது. "அக்கா, என்ர அம்மாவுக்கும் இதுதான் எடுத்தனான். சில்க் மார்க் சீட்டோட வரும். நீங்கள் எவ்விடம்?" கோண்டாவில் என்றேன். "ஐயோ, எங்கட சித்தியும் அங்கதான்!" அவ்வளவுதான். கோண்டாவிலில் சித்தி இருக்கிறவள் ஏமாற்றமாட்டாள் என்று என் படித்த மூளை முடிவெடுத்துவிட்டது. சீலை வந்த பிறகு காசு தரலாமா என்றதற்கு, "அது கொழும்புக்குள்ள மட்டும்தான் அக்கா" என்றாள். 18,500ஐயும் வங்கியில் போட்டு, சிலிப்பையும் நானே படம் எடுத்து அனுப்பினேன்.

அசல் பட்டு என்று காட்டும் அந்தச் சில்க் மார்க் சீட்டு வரவில்லை. அம்மா சீலையைத் தொட்டார், ஒன்றும் பேசவில்லை. மறுபக்கம் திருப்பினார். நெய்த கரை என்றால் பின்னால் ஜரிகை நூல் ஓடுவது தெரியும். இதில் வெளிறிய வெள்ளை, வெறும் அச்சு. முந்தானை ஓரத்தில் இரண்டு நூல் இழுத்துச் சாமியறை விளக்கில் பிடித்தார். பட்டு நூல் என்றால் மயிர் கருகும் மணம் வரும், சாம்பல் விரலில் பொடியாகும். இது பிளாஸ்டிக் மணத்தோடு உருகிக் கறுத்த மணியாக இறுகியது. "சரி விடு பிள்ளை, வீட்டில கட்டுவன்" என்றார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வீட்டிலும் கட்ட முடியாது, ஐந்து மீற்றர்கூட இல்லை, கொய்யகத்துக்கு மிச்சம் வராது. கூட வந்த சட்டையில் 38 என்று ஒட்டியிருந்தது. நாடா பிடித்தால் 36. உள்ளே பிரித்துவிட ஒரு விரல் துணிகூட விடவில்லை.

முதல் நாள் பதில்: "கமெரா வெளிச்சம் அக்கா, நேரில நிறம் கொஞ்சம் மாறித்தான் தெரியும்." நான் நிறத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை! இரண்டாம் நாள் எரித்த நூலின் படத்தை அனுப்பினேன். "நூல் இழுத்த சீலையை ரிட்டேர்ன் எடுக்கேலாது." மூன்றாம் நாள் வேறொருவன் வந்தான், அவனுக்கு நான் "அக்கா" போய் "மேடம்" ஆகிவிட்டேன். சப்ளையர் இந்தியாவிலாம், கதைத்துச் சொல்வார்களாம். இன்று பக்கமே திறக்கவில்லை. இனி நான் கோண்டாவில் முழுக்கச் சித்தியைத் தேடுவதா?

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது பொறுமை இல்லை. சீலையின் பின்பக்கத்தை வீடியோவில் காட்டச் சொல்லுங்கள். நீளத்தை நாடா வைத்துக் காட்டச் சொல்லுங்கள், சீலை ஐந்தரை மீற்றர் வர வேண்டும், சட்டைத்துணி வேறு. சட்டையில் 38 என்பது உடம்பின் அளவா, தைத்த துணியின் அளவா என்று கேளுங்கள். பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள், நான் எடுக்கவில்லை. முன்காசு போடவே போடாதீர்கள். ஏற்கெனவே மாட்டுப்பட்டிருந்தால் நுகர்வோர் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு எடுங்கள். வாங்கி மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். 18,500 ரூபாச் சிலிப்போடு முறைப்பாடு கொடுக்க நான் நாளைக்குக் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) போகிறேன்.

இதே மாம்பழ நிறம், அரக்குக் கரை, வேறு பெயரில் எந்த லைவிலாவது வந்தால் ஒரு ஸ்கிரீன்ஷொட் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.