பி.வி.பி.யா, கோபோவிடோனா, எச்.பி.எம்.சி.ஏ.எஸ்.ஸா: காசிமேட்டுக் காற்றில் எது தாங்கும்?

கல்கண்டும் பஞ்சுமிட்டாயும் ஒரே சர்க்கரைதான். கல்கண்டை வாயில் ஒதுக்கிச் சப்ப வேண்டும், பஞ்சுமிட்டாய் நாக்கில் பட்டதும் காணாமல் போகும். தண்ணீரில் சரியாகக் கரையாத மருந்தைப் பாலிமரோடு (சின்ன மூலக்கூறுகள் நீளச் சங்கிலியாகக் கோத்த பொருள்; தலைப்பில் இருக்கும் மூன்றும் அந்த வகைதான்) சேர்ப்பதும் இதற்காகத்தான்: படிகமாக அடுக்கி நிற்கும் மூலக்கூறுகளைக் கலைத்து, பாலிமருக்குள் தனித்தனியாக மாட்டிவைப்பது. சரி, அதே பஞ்சுமிட்டாயைப் பிரித்துக் காசிமேட்டுக் கடல்காற்றில் கொஞ்ச நேரம் பிடித்துப் பாருங்கள், சுருங்கிப் பிசுபிசுத்துவிடும். மருந்துக்கும் அந்த ஆபத்து உண்டு. ஈரம் ஏறினால் மூலக்கூறுகள் அசையத் தொடங்கி மறுபடி படிகமாகலாம். அட்டையில் போட்ட மில்லிகிராம் அப்படியே இருக்கும், ரத்தத்தில் சேருவது குறையும். அதனால் முதல் நாள் எவ்வளவு கரைகிறது என்பதை மட்டும் வைத்து நான் பாலிமரைத் தேர்ந்தெடுக்கமாட்டேன்.

முதல் நாள் கணக்கில் பி.வி.பி. நன்றாகவே நிற்கும். மருந்தோடு ஹைட்ரஜன் பிணைப்பு போடும், தண்ணீர் பட்டதும் சட்டென்று கரையும். ஆனால் ஐப்பசி மழையில் தண்டையார்பேட்டை வீடுகளில் உப்பு ஜாடி கசிந்து நிற்குமே, அந்த ஈரத்தை இதுவும் வெறியோடு உறிஞ்சும்.

கோபோவிடோன் அதே குடும்பம்தான், வினைல் அசிடேட் சேர்ந்ததால் ஈரம் பிடிப்பது குறைவு. குறைந்த சூட்டில் இளகுவதால் கரைப்பானே இல்லாமல் மருந்தோடு உருக்கிப் பிழிந்துவிடலாம். எச்.ஐ.வி.க்கான லோபினாவிர்-ரிட்டோனாவிர் முன்பு ஃபிரிட்ஜில் வைக்கவேண்டிய காப்ஸ்யூலாக, நாளுக்கு 6 என்று இருந்தது; 2005இல் அமெரிக்காவில் கோபோவிடோன் மாத்திரை வந்தபோது 4 ஆனது, ஃபிரிட்ஜும் தேவையில்லை. ஒற்றை அறை வீட்டில், எல்லோரும் திறக்கிற ஃபிரிட்ஜில் அந்த மருந்தை வைப்பவருக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்று யோசித்துப் பாருங்கள்.

எச்.பி.எம்.சி.ஏ.எஸ். மூன்றிலும் ஈரத்துக்குக் குறைவாக இடம்கொடுப்பது. இரைப்பை அமிலத்தில் கரையாமல் சிறுகுடலில் கரைந்து, அங்கே மருந்து உடனே படிந்துவிடாமல் பிடித்துவைக்கும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய்க்கான இவாகாஃப்டர் மாத்திரையில் இதுதான் இருக்கிறது. அதிகச் சூட்டில் அசிட்டிக், சக்சினிக் அமிலங்களை விடும் என்பதால் பெரும்பாலும் கரைப்பானில் கரைத்துத் தெளித்து உலர்த்துகிறார்கள், செலவு கூடும்.

நம் ஊருக்கு என் கணக்கு இது: சூடு தாங்கும் மருந்தென்றால் கோபோவிடோன், சூடு தாங்காத மருந்துக்கும் குடலில் படிந்துவிடும் மருந்துக்கும் எச்.பி.எம்.சி.ஏ.எஸ். பி.வி.பி. என்றால் இரண்டு பக்கமும் அலுமினிய அட்டை கட்டாயம். எந்தப் பாலிமரானாலும் மாத்திரையை அட்டையிலிருந்து பிய்த்து டப்பாவில் கொட்டிவைக்காதீர்கள், அந்தந்த வேளைக்கு வேண்டியதை மட்டும் பிரித்துப் போடுங்கள்.