வெளிநாட்டில் வாழ்வோருக்கு: இலவச அரசு மருத்துவமனையா, தனியார் காப்பீடா?

அரசு மருத்துவமனை இலவசம் என்றாலும் அது பெரும்பாலும் அந்நாட்டில் முறைப்படி பதிந்தவர்களுக்குத்தான். வசிப்பிடப் பதிவோ, தகுந்த விசாவோ இல்லையென்றால் முழுக் கட்டணமும் உங்கள் தலையில் விழலாம். ஆகவே போய் இறங்கியதுமே பதிவை முடித்துவிடுங்கள். விபத்து, மாரடைப்பு என்றால் பல நாடுகளில் பெரிய அரசு மருத்துவமனையைத் தயங்காமல் நம்பலாம். மூட்டு மாற்று, கண்புரை போன்ற அவசரமில்லாத அறுவைசிகிச்சைக்குத்தான் மாதக்கணக்கில் காத்திருக்க நேரும்.

காப்பீடு இருந்தால் சீக்கிரம் பார்த்துவிடுவார்கள். ஆனால் பெரும்பாலும் பில் முழுவதையும் காப்பீட்டு நிறுவனம் கட்டிவிடாது. பில் 10,000, உங்கள் முதல் பங்கு 1,000, மீதியில் 20 சதவீதம் உங்களுடையது என்று வையுங்கள்: 1,000 + 1,800, கையிலிருந்து போவது 2,800. மகப்பேறுக்குப் பல பாலிசிகளில் காத்திருப்புக் காலம் உண்டு. கர்ப்பமான பிறகு வாங்கினால் அநேகமாகப் பயனில்லை.

கிளெய்ம் (காப்பீட்டுப் பணம் கேட்பது) நிராகரிக்கப்பட முக்கியக் காரணங்களில் ஒன்று மறைத்த நோய். விண்ணப்பத்தில் ரத்த அழுத்த மாத்திரையை எழுதாமல் விட்டால், பின்னர் இதய சிகிச்சைக்குக் கேட்கும்போது பழைய மருந்துச்சீட்டுகளைத் தோண்டி எடுப்பார்கள். தயவுசெய்து எதையும் மறைக்காதீர்கள்.

பதிவு பெற்றவர், நாள்பட்ட நோய் உள்ளவர் என்றால் அரசு மருத்துவமனையையே முதன்மையாக வைத்துக்கொள்ளுங்கள். பதிவு கிடைக்காத மாதங்களுக்குக் காப்பீடு கட்டாயம் வேண்டும்.