யாழ்ப்பாணத்தில் வீடு கழுவக் கொடுக்கும்போது யன்னலைக் கவனியுங்கள்

மார்கழி மழை ஓய்ந்தால் யாழ்ப்பாணத்தில் மதிலும் சுவரும் பச்சையும் கறுப்புமாகப் பாசி பிடித்து நிற்கும். பொங்கலுக்கு முன் கழுவிவிட வேண்டும் என்று ஊர் முழுவதற்கும் ஒரே நேரத்தில் தோன்றும். அதனால் தண்ணீரை அழுத்தத்தில் பீய்ச்சிக் கழுவும் பிறஷர் மெசின் வைத்திருக்கும் பெடியளைப் பிடிப்பது அந்த நாட்களில் லேசில்லை. கோண்டாவிலில் அக்கா வீட்டுக்கு ஆள் பிடிக்கும் பொறுப்பு இம்முறை என் தலையில். லண்டனில் இருந்து லீவில் வந்தவனுக்கு வேறு என்ன வேலை?

வந்தவர்கள் நல்ல வேலைகாரர். மதில், முற்றத்துக் கல், கிணற்றடி எல்லாம் பளிச்சென்று ஆகிவிட்டன. யன்னலுக்கு வரும்போதுதான் நான் மறித்தேன்.

ஊரில் பெரும்பாலும் மரச்சட்டமும் ஒற்றைக் கண்ணாடியும்தான். அதற்கு மெசினால் அடித்தால் கொஞ்சத் தண்ணீர் உள்ளே ஒழுகும், துடைத்தால் சரி. அக்கா வீடு பலாலி வீதியோரம். பஸ் சத்தத்துக்கும் ஏசிக்கும் என்று மருமகன் கனடாவில் இருந்து காசு அனுப்பி இரட்டைக் கண்ணாடி யன்னல் போடுவித்திருக்கிறான்.

"அண்ணை, கண்ணாடி உடையாது, பயப்பிடாதேங்கோ" என்றார் மெசின் பிடித்த தம்பி.

உடைவது அரிதுதான். என் கவலை ஓரத்தைப் பற்றியது. இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் காற்றோ ஆர்கன் வாயுவோ அடைத்து, சுற்றிவர பசையால் மூடியிருப்பார்கள். பத்து மீற்றர் உயரத் தண்ணீர்த் தாங்கி தரும் அழுத்தம் ஏறத்தாழ 1 பார். வீட்டுப் பாவனைக்கான சிறிய மெசினே 100 பாருக்கு மேல் அடிக்கும். அதைக் கிட்டப் பிடித்து ஓரத்தில் அடித்தால் றப்பர் விலகும், தண்ணீர் பசைவரை போகும். பசை விட்டுக்கொடுத்த பிறகு ஈரக்காற்று உள்ளே போய் நடுவில் பனிமூட்டம்போலப் புகார் படியும். உள்ளே ஈரம் உறிஞ்ச வைத்திருக்கும் மணிகளும் ஒரு அளவுக்குத்தான் தாங்கும்.

உரும்பிராயில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் கழுவிய சில கிழமைகளில் இப்படி ஆனது. உள்பக்கம் துடைத்தாலும் போகாது, வெளிப்பக்கம் துடைத்தாலும் போகாது என்றால் அது நடுவில் இருக்கிறது என்று அர்த்தம். சட்டத்தை விட்டுவிடலாம், கண்ணாடித் தொகுதியை அளவெடுத்துப் புதிதாகச் செய்விக்க வேண்டும். கழுவின கூலியை விட அது பல மடங்கு.

தம்பிக்கு இதை விளங்கப்படுத்தினேன். "உதை முதலே சொல்லியிருக்கலாமே" என்றார், சிரித்தபடி. அப்புறம் இப்படிப் பேசி முடித்தோம். மெசின் சுவருக்கு மட்டும், யன்னல் ஓரத்தில் இருந்து ஒரு பாகமாவது, அதாவது இரண்டு கையையும் விரித்த நீளமாவது, தள்ளி. மெசின் நுனியில் பூட்டும் நொசில் வெள்ளை நிறத்தது, 40 பாகை விரிவது. ஊசிபோல அடிக்கும் சிவப்பைப் பையை விட்டே எடுக்கக் கூடாது. தண்ணீர் மேலிருந்து கீழே சாய்வாக விழ வேண்டும், கீழிருந்து மேலே அடிக்கவே கூடாது. சட்டத்தின் அடியில் இருக்கும் சின்னத் துளைகள் தண்ணீர் வெளியேறுவதற்கு. அதற்குள் பீய்ச்சினால் உள்ளே நிரம்பும். நுளம்பு வலையை முதலில் கழற்றி வைத்தார்கள். சுவர்ப் பாசிக்குக் குளோரின் கரைத்துத் தெளித்தபோது யன்னல் பிணைச்சல்களில் பட்டதை உடனே கழுவிவிடச் சொன்னேன், இரும்பைத் தின்றுவிடும்.

கண்ணாடிக்கு வாளித் தண்ணீரும் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவமும் மெல்லிய துணியும் போதும். ஆனால் நம்முடைய கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல்லில் ஊறி வருவது. வெயிலில் காயவிட்டால் வெள்ளைப் புள்ளி விழும். ஆகவே காலையிலேயே, நிழல் இருக்கும் பக்கமாகக் கழுவி உடனே துடைக்க வைத்தேன். பிடிவாதமான புள்ளிக்கு வினாகிரி.

கைவேலைக்கு நேரம் கூடுதலாகப் போகும் என்பதால் அதற்குத் தனிக் கூலி பேசினோம், நியாயமாகத்தான் கேட்டார்கள். ரசீது என்று ஒன்றும் தரவில்லை. ஆகவே தொடங்குமுன் ஒவ்வொரு யன்னலையும் கிட்டப் படமெடுத்து அவர்களுக்கே வாட்ஸப்பில் அனுப்பி வைத்தேன். பிறகு புகார் தெரிந்தால் அது பழையதா புதியதா என்று சண்டை பிடிக்கத் தேவையில்லை.