140 லெய்க்கு ஒரு உனிரேயா ஜெர்சி

முதலில், வாங்கிய கதை. ருமேனியாவின் தலைநகர் புக்கரெஸ்டில் ஒரு ஓட்டல் சமையலறையில் வேலை பார்க்கிறேன். பழைய கால்பந்து ஜெர்சி சேர்ப்பது பொழுதுபோக்கு. ஸ்டெயாவா, டினாமோ போன்ற புக்கரெஸ்ட் கிளப்புகளின் ஜெர்சி எல்லாம் தெருவுக்குத் தெரு கிடைக்கும். எனக்கு வேண்டியிருந்தது உனிரேயா உர்ஸிசேனி என்ற ருமேனியக் கால்பந்துக் கிளப்பின் ஜெர்சி. அந்தக் கிளப்பே 2011-இல் கலைந்துவிட்டது, அதனால் அதிகாரபூர்வக் கடை என்று ஒன்றும் கிடையாது. இணையத்தில் பழைய பொருள் விற்கும் ஒருவர், "2009 ஒரிஜினல், 140 லெய்" என்று போட்டிருந்தார் (லெய் ருமேனியப் பணம்). பியாட்சா உனிரீ மெட்ரோ வாசலில் சந்தித்துக் கைமாற்றினோம். 'உனிரேயா' என்றால் ஐக்கியம். சதுக்கத்துக்கும் அதே பெயர்தான். இதை ரசித்துக்கொண்டே பணத்தை எண்ணிக் கொடுத்ததில் சட்டையைச் சரியாகப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தால், துவைக்கும் முறை அச்சிட்ட உள்துண்டில் க்யூஆர் கோடு! 2009-இல் எந்த ஜெர்சியில் க்யூஆர் கோடு வந்தது? சின்னம் தையல் இல்லை, சூடு வைத்து ஒட்டியது. வலது ஓரம் அப்போதே லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. விற்றவருக்குச் செய்தி அனுப்பினேன். "துணி ஒரிஜினல்" என்று பதில் வந்தது. சரி, துணி துணிதான், அதில் பொய் இல்லை.

ஆனாலும் திருப்பிக் கொடுக்கவில்லை. அந்தக் கிளப் மேல் எனக்கு அப்படி ஒரு பைத்தியம்.

உர்ஸிசேனி என்பது புக்கரெஸ்டுக்கு வடகிழக்கே சுமார் 60 கிலோமீட்டரில், பராகன் சமவெளியில் உள்ள சிறு நகரம். 'உர்ஸிகா' என்றால் ருமேனிய மொழியில் காஞ்சொறிச் செடி, ஊர்ப்பெயர் அதிலிருந்து வந்தது. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 15,000 சொச்சம். 1954-இல் தொடங்கிய கிளப் முதல் டிவிஷனைத் தொட்டதே 2006-இல்தான். அதே ஆண்டு டான் பெட்ரெஸ்கு பயிற்சியாளராக வந்தார். அவர் இங்கிலாந்தின் செல்சி கிளப்பில் ஆடியவர். அதனால் பத்திரிகைகள் இந்த அணியை 'யாலோமிட்சாவின் செல்சி' என்று கிண்டலும் செல்லமுமாக எழுதின. யாலோமிட்சா அந்த மாவட்டத்தின் பெயர். 2008-இல் ருமேனியக் கோப்பை இறுதிப் போட்டி, 2009-இல் லீக் பட்டம், அங்கிருந்து நேராக ஐரோப்பாவின் மிகப் பெரிய கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் குரூப் சுற்று.

சொந்த மைதானம் சாம்பியன்ஸ் லீக்குக்குப் போதாது என்பதால் 'வீட்டு' ஆட்டங்களை புக்கரெஸ்டில் ஸ்டெயாவா மைதானத்தில் ஆடினார்கள். குரூப்பில் செவியா, ஸ்டுட்கார்ட், கிளாஸ்கோ ரேஞ்சர்ஸ். ரேஞ்சர்ஸை அவர்கள் ஊரிலேயே 4-1 என்று புரட்டினார்கள். அந்த நான்கில் இரண்டை ரேஞ்சர்ஸ்காரர்களே தங்கள் வலைக்குள் போட்டுக்கொண்டார்கள் என்பது வேறு விஷயம். அதிர்ஷ்டமும் ஆட்டத்தின் ஒரு பங்குதானே. செவியாவை 1-0 என்று வென்றார்கள்.

கடைசி ஆட்டம் ஸ்டுட்கார்டில். டிரா செய்தாலே அடுத்த சுற்று. அந்த ஆட்டத்தின் முதல் 11 நிமிடங்களை மட்டும் நான் பல தடவை பார்த்திருக்கிறேன். ஸ்டுட்கார்ட் 5-ஆம் நிமிடம் ஒரு கோல், 8-இல் இன்னொன்று, 11-இல் மூன்றாவது. அவற்றில் ஒன்றை அடித்தவர் சிப்ரியன் மரிகா, ருமேனியர்! முடிவு 3-1, குரூப்பில் மூன்றாம் இடம். மூன்றாம் இடத்துக்கு அடுத்த படிப் போட்டியான யூரோப்பா லீக்தான், அதிலும் லிவர்பூல் வெளியே அனுப்பியது. அதற்கு முன்பே பெட்ரெஸ்கு ரஷ்யாவின் குபான் கிளப்புக்குப் போய்விட்டார். 2010-இல் முக்கிய வீரர்களில் பலர் ஸ்டெயாவாவுக்கு விற்கப்பட்டார்கள். 2011-இல் கீழ் டிவிஷனுக்கு இறங்கி, அதோடு கிளப்பும் இல்லாமல் போனது. பட்டம் வென்று இரண்டே வருஷம்.

சரி, சட்டைக்கு வருகிறேன். எல் சைஸ் வாங்கினேன், தோளில் எம் போலத்தான் இருக்கிறது. மெல்லிய பாலியஸ்டர். அடுப்படியில் வேலை முடித்து இதைப் போட்டால் காற்றோட்டம் நன்றாகவே இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். நீலம் மூன்று சலவைக்குப் பிறகும் போகவில்லை. முதுகில் உள்ள 7-ஆம் எண்தான் இரண்டாவது சலவையிலேயே வெடித்து, ஆற்றுப்படுகை காய்ந்த மாதிரி பாளம் பாளமாக நிற்கிறது. மாவு பிசைந்த கையால் தொட்டுவிட்டேன், அந்த வெடிப்புகளில் மாவு ஏறி உட்கார்ந்துகொண்டது. பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் எடுத்தேன்.

போன மாதம் விடுமுறை நாளில் இதைப் போட்டுக்கொண்டு மினிபஸ்ஸில் உர்ஸிசேனி போனேன். வழியெல்லாம் சூரியகாந்தி, மக்காச்சோளம். இறங்கிய இடத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் என் நெஞ்சையே பார்த்தார். பக்கத்தில் வந்து தூக்கிக்கொண்டிருந்த சின்னத்தின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டப் பார்த்தார். ஒட்டவில்லை. "பத்ரு லா உனு" என்றார். நாலுக்கு ஒன்று. கிளாஸ்கோ கணக்கு. என் ருமேனிய மொழி சமையலறை அளவுக்குத்தான். தலையை மட்டும் ஆட்டினேன். அவர் விரித்த உள்ளங்கையை ஆட்டி இன்னும் ஏதேதோ சொன்னார், 'ஸ்டுட்கார்ட்' என்ற ஒரு சொல் மட்டும் பிடிபட்டது.

வாங்க நினைப்பவர்களுக்கு: ஒரு சைஸ் பெரியதாக எடுங்கள். கையில் வாங்கும்போதே உள்துண்டைப் புரட்டிப் பாருங்கள். "ஒரிஜினல்" என்று சொல்பவரிடம் 80 லெய்க்கு மேல் கொடுக்காதீர்கள். திருப்பிப் போட்டு, குளிர்ந்த நீரில் கையால் துவையுங்கள், இஸ்திரி எண்ணின் பக்கமே போகக்கூடாது. ஐந்துக்கு இரண்டரை நட்சத்திரம். அந்த அரை நட்சத்திரம் பெரியவருக்கு.