வெர்மீர் கண்காட்சியா, லியனார்டோ கண்காட்சியா?

இரண்டுமே பெரிய பெயர்கள்தான். பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் 2019 அக்டோபர் முதல் 2020 பிப்ரவரி வரை லியனார்டோ டா வின்சி; ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தில் 2023 பிப்ரவரி முதல் ஜூன் வரை 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீர். முதலாவதைப் பார்க்க வந்தவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல், இரண்டாவதற்கு ஆறரை லட்சம். ஆனால் கூட்டத்தை வைத்து எது சிறந்தது என்று முடிவு செய்வது சரியில்லை.

லூவ்ருக்கு ஒரு சிக்கல் இருந்தது. லியனார்டோவின் ஓவியங்கள் என்று பொதுவாக ஒப்புக்கொள்ளப்படுபவை இருபதுகூடத் தேறாது, அதிலும் மோனாலிசா தன் வழக்கமான அறையை விட்டு வரவில்லை. அதனால் வராத ஓவியங்களுக்குப் பதிலாக அவற்றின் அகச்சிவப்புப் படங்களை அசல் அளவிலேயே மாட்டினார்கள். பலருக்கு இது ஏமாற்றம். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஏனென்றால் வண்ணத்துக்கு அடியில் அவர் கோட்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தது அதில்தான் தெரிகிறது. அப்புறம் அந்தத் துணி மடிப்புப் படங்கள்! இளம் வயதில் வெறும் துணியின் மடிப்புகளை மட்டும் சாம்பல் நிறத்தில் தூரிகையால் வரைந்தவை. ஆளே இல்லாத துணிக்குள் ஒரு முழங்கால் இருப்பது தெரியும்.

வெர்மீர் கண்காட்சி இதற்கு நேர் எதிர். எஞ்சியிருக்கும் சுமார் 37 ஓவியங்களில் 28 ஒரே இடத்தில்! நியூயார்க்கின் ஃப்ரிக் மாளிகை அருங்காட்சியகத்தில் புதுப்பிப்பு வேலை நடந்ததால் அங்கிருந்த மூன்றும் வர முடிந்தது. லூவ்ரே தன் 'லேஸ் பின்னும் பெண்'ணை அனுப்பியிருந்தது. அது ஏ4 தாளைவிடச் சின்னது. இவ்வளவு சின்னப் படங்களைப் பத்து அறைகளில் தாராளமாக இடம் விட்டு மாட்டியதுதான் அந்த அருங்காட்சியகம் செய்த மிக நல்ல காரியம். 'முத்துத் தோடு அணிந்த பெண்' மார்ச் கடைசியிலேயே ஹேக் நகருக்குத் திரும்பிவிட்டாள். டிக்கெட்டும் கண்காட்சி திறந்த சில நாட்களிலேயே தீர்ந்துபோனது. இந்த இரண்டு குறைகளும் உண்மைதான்.

ஓர் ஓவியரின் மூளை எப்படி வேலை செய்தது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுபவருக்கு லூவ்ர் கண்காட்சிதான் சரி. ஒரே ஒரு படத்தின் முன் நின்று ரசிக்க விரும்புபவருக்கு ஆம்ஸ்டர்டாம். நான் தயங்காமல் ஆம்ஸ்டர்டாம் பக்கம்தான். அங்கே இருந்த 'பால் ஊற்றும் பெண்' ஓவியத்தின் பின்சுவரில் முதலில் குடங்கள் மாட்டும் பலகை ஒன்றை வரையத் தொடங்கி, பிறகு வெர்மீரே அதை மூடிவிட்டார் என்பது 2022இல் நடந்த ஆய்வில் தெரியவந்தது. இப்போது அந்த வெள்ளைச் சுவரில் ஓர் ஆணி, அதன் நிழல், பழைய ஆணிகள் விட்டுப்போன துளைகள், அவ்வளவுதான். முன்னால் பால் நூல்போல இறங்கிக்கொண்டிருக்கிறது.