மூணு வில்லேஜர் அயர்ன் ஃபார்ம்: சர்வர்ல போடலாமா?

மைன்கிராஃப்ட் ஜாவா எடிஷன்ல (கம்ப்யூட்டர்ல ஆடுறது) கேங்கா சர்வர் ஓட்டுறவங்க முதல்ல எந்த ஃபார்ம் போடணும்னு கேட்டா, யோசிக்காம இந்த அயர்ன் ஃபார்மைத்தான், அதாவது இரும்பு தானா சேர்ற அமைப்பைத்தான் சொல்வேன். பொருளை வாங்கிப் பெட்டிக்குள்ள தள்ளுற ஒரு ஹாப்பருக்கே அஞ்சு இரும்புக்கட்டி போயிடுது. பக்கத்துல இருக்கிறவங்களுக்கு சக்தி தர்ற பீக்கன் விளக்குக்கு, அடியில முழு பிரமிடும் இரும்புலயே வேணும்னா 164 பிளாக், அதாவது 1476 கட்டி. தோண்டியே அவ்வளவு சேர்க்கிற பொறுமை எங்க கேங்ல யாருக்கும் கிடையாது.

மூணு வில்லேஜர் (கேம்ல வர்ற கிராமத்து ஆளுங்க), மூணு கட்டில், அவங்க கண்ணுல படுற மாதிரி ஒரு ஜாம்பி. மூணு பேரும் அலறினா காவலுக்கு ஒரு கோலெம், அதாவது இரும்பு மனுஷன், வந்து நிக்கும். அது செத்தா இரும்பு விழும். தண்ணி அதைத் தள்ளிட்டுப் போய் லாவாவுல விடும். மேலேர்ந்து விழுந்தாலும் அதுக்கு ஒண்ணும் ஆகாது, தண்ணியில மூழ்கியும் சாகாது, அதான் லாவா. தரையில ஊத்திடாதீங்க. சைன் போர்டு மேல, கோலெம் தலை உயரத்துல நிக்கணும். அப்போதான் கீழ விழுற இரும்பு எரியாம ஹாப்பருக்குள்ள இறங்கும். ஒரு கோலெமுக்கு 3 முதல் 5 கட்டி, சில சமயம் பாப்பி பூவும். பூ சேர்ந்து பெட்டியை அடைச்சுக்கும், கம்போஸ்டர்ல (உரத்தொட்டி) போட்டுடுங்க.

வேகத்துக்கு ஒரு எல்லை இருக்கு. வில்லேஜர் கண்ணுல கோலெம் பட்டா அடுத்த 30 விநாடிக்குப் புதுசு வராது. கணக்குப்படி மணிக்கு 480 கட்டிக்கு மேல போகாது. எங்களுக்கு 350 வாக்குல கிடைக்குது, போதும்.

படுத்துறது ரெண்டு விஷயம். ஒண்ணு தூக்கம். கடைசி 20 நிமிஷத்துக்குள்ள தூங்கியிருந்தாத்தான் வில்லேஜர் கணக்குல வருவான். ஜாம்பி ஓயாம தெரிஞ்சா எவன் தூங்குவான்? அதனால அது அப்பப்போ மறையுற மாதிரி கட்டணும். இன்னொண்ணு அந்த ஜாம்பியேதான். மேல கூரை இல்லேன்னா வெயில்ல எரிஞ்சிடும், நேம் டேக் (பேர் வைக்கிற சீட்டு) இல்லேன்னா காணாமப் போயிடும். எங்களோடது பேரு 'ஹவுஸ் ஓனர்'. வெடிக்கிற கிரீப்பர் தொல்லைன்னு ஒரு புண்ணியவான் டிஃபிகல்டியை மான்ஸ்டரே இல்லாத பீஸ்ஃபுல்ல போட்டுட்டு உடனே மாத்தினான். பேர் வெச்ச ஜாம்பியும் அதுல போச்சு. கட்டுற வேலையை விட, வில்லேஜரைப் படகுல ஏத்தி மேடு பள்ளம் எல்லாம் இழுத்துட்டு வர்றதுதான் பெரும்பாடு, ஆனா அது ஒரு தடவையோட போகும்.

வாடகை சர்வர்னா சிமுலேஷன் டிஸ்டன்ஸ், அதாவது ஆளைச் சுத்தி எத்தனை சங்க் (16 பிளாக் அகலத் துண்டு) வரைக்கும் கேம் ஓடும்ங்கிறது, எவ்வளவுன்னு பாருங்க. வழக்கமா 10 இருக்கும். நாங்க எடுத்த மலிவு பிளான்ல சத்தமில்லாம 4 ஆக்கி வெச்சிருந்தாங்க. அதாவது 64 பிளாக் தாண்டி நடந்தாலே ஃபார்ம் உறைஞ்சு நிக்கும். அதனால எல்லாரும் சுத்துற பொதுப் பெட்டி ரூம் பக்கத்துல கட்டுங்க, வீட்டை ஒட்டி மட்டும் வேண்டாம். வில்லேஜரோட அந்த 'ஹ்ம்ம், ஹ்ம்ம்' முனகலை ராத்திரி பூரா கேக்க முடியாது.

மொபைல்ல பெட்ராக் (மைன்கிராஃப்டோட இன்னொரு எடிஷன்) ஆடுறவங்க இந்த டிசைனைத் தொடாதீங்க. அங்க 20 கட்டிலும் 10 வில்லேஜரும் இல்லாம ஒரு கோலெம்கூட வராது.