கானாடுகாத்தான் பக்கம் ஒரு ஆசாரி பட்டறை: கணக்குப்பெட்டி ரிப்பேர் பண்ண அனுபவம்

எங்க அப்பத்தாவோட அப்பா பர்மாவுல ஒரு செட்டியார் கடையில கணக்குப்பிள்ளையா இருந்தவரு. அவரு வச்சு எழுதுன சாய்வு மூடி போட்ட பெட்டி ஒண்ணு தான் அவரு ஞாபகமா வீட்டுல இருக்கு, முழுக்க பர்மா தேக்கு. நாலு வருசம் முன்னாடி மூடி லேசா வளையுதுன்னு ஒரு கடையில குடுத்தோம், அவங்க மூடிக்கு அடியில குறுக்க ரெண்டு சட்டத்தை ஃபெவிக்கால் தடவி ஆணியடிச்சு மேல பளபளன்னு வார்னிஷ் வேற அடிச்சு குடுத்தாங்க. அடுத்த சித்திரையில மூடி நடுவுல நீளமா வெடிச்சிருச்சு. அப்பத்தா அன்னைக்கு சாப்பிடவே இல்ல.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுல பழைய சாமான் கடைங்கள்ல காட்டுனேன், எல்லாரும் வெலைக்கு கேட்டாங்களே ஒழிய ரிப்பேருக்கு யாரும் ஒத்துக்கல. அதுல ஒருத்தர் தான் இந்த பட்டறைக்கு வழி சொன்னாரு. போர்டு கிடையாது, தகரக் கொட்டகை, இடிச்ச வீட்டு நிலை, தூண் எல்லாம் வாசல்ல சாத்தி கெடக்கும்.

ஆசாரியண்ணே மூடியைத் திருப்பி கட்டைவிரலால ஒரு தடவு தடவிட்டு, "தம்பி, மரத்தை வெட்டிட்டாலும் அது மூச்சு விடும், இவங்க அதைக் கட்டிப்போட்டுட்டாங்க"ன்னாரு. பலகை நீளவாக்குல மாறாதாம், அகலத்துல தான் ஐப்பசி மழைக்கு ஊதி சித்திரை வெயிலுக்கு சுருங்குமாம், ஒரு அடி அகலத்துக்கு ஒரு நூல் அளவு (ஆசாரிங்க கணக்குல இஞ்ச்ல எட்டுல ஒரு பங்கு) கூட வித்தியாசம் வரும்னாரு. குறுக்க ஆணியடிச்சா சுருங்க எடமில்லாம வெடிக்காம என்ன பண்ணும்.

அவரு பண்ண வேலை தான் இங்க முக்கியம். ஆணியெல்லாம் ஒண்ணொண்ணா பிடுங்கி, வெடிப்புல பழைய நிலைக்கால்ல இருந்து ரேகை பாத்து எடுத்த மெல்லிசான தேக்குச் சீவலை சொருகுனாரு. ஒட்டுறதுக்கு முன்னாடி ஸ்பிரிட் தொட்டு துடைச்சாரு, தேக்குல எண்ணெய்ப்பசை இருக்கதால அப்படியே ஒட்டுனா பிடிக்காதாம். அப்புறம் மூடியோட அடியில உள்ள அகலமா வாய் குறுகலா தடம் வெட்டி, சட்டத்தை ஓரத்துல இருந்து தள்ளி விட்டாரு, நடுவுல மட்டும் துளி பசை, ரெண்டு பக்கமும் ஃப்ரீ. பலகை வளையாது, ஆனா நகரும். அந்த தடத்தை வெட்டுறதுக்குள்ள உளியை எத்தனை தடவை தீட்டுனாருன்னு எண்ணவே முடியல, தேக்குல மணல் சத்து இருக்கு, முனையை தின்னுரும்னாரு. வார்னிஷை சுரண்டிட்டு அரக்கு பாலிஷ் துணியில தொட்டு தொட்டு ஏத்துனாரு. அப்பத்தா கை பட்டு கருத்த எடத்தை மட்டும் இழைக்கவே இல்ல, "அது அழுக்கு இல்ல தம்பி, இருக்கட்டும்"னாரு. எனக்கு கண்ணு கலங்கிருச்சு.

பகல்ல அவருக்கு சோறு போடுறது பிளைவுட் கிச்சன் வேலை தான். விடியக்காலம் அஞ்சு மணியில இருந்து எட்டு மணி வரைக்கும் யாரும் ஆர்டர் குடுக்காத ஒரு கஜலட்சுமி பலகையை செதுக்கிட்டு இருக்காரு. யானைத் தும்பிக்கை வளைவு சரியா வரலன்னு ஒரு பலகையை ஒதுக்கிட்டு மறுபடி ஆரம்பிச்சிருக்காரு. மிஷின்ல வெட்டலாமேன்னு கேட்டேன், மிஷின் பிட்டு சுத்துறதால உள்மூலை எல்லாம் உருண்டையா நிக்கும், கண்ணைத் தொறக்க உளி தான் வேணும்னாரு. அந்தப் பலகைக்கும் ஒரு வீடு அமையணும்னு மனசார ஆசைப்படுறேன்.

குறைன்னா டைம் தான். மூணு வாரம்னு சொல்லி ரெண்டரை மாசம் ஆச்சு, போன் எடுக்க மாட்டாரு, நேர்ல தான் போகணும், அமாவாசைக்கு லீவு. கூலி 6,500 ரூபாய் வாங்குனாரு, இந்த வேலைக்கு இன்னும் கூட கேட்டிருக்கலாம்.

பெட்டி வந்து ஒரு வருசம் ஆச்சு. ஐப்பசியில உள் டிராயர் கொஞ்சம் இறுகுச்சு, "இழைக்காதீங்க, தை பொறந்தா தானா விடும்"னாரு. விட்டுச்சு. சித்திரை தாண்டியும் மூடியில ஒரு கீறல் இல்ல.